பழைய லாரியில் செல்ஃப் எடுக்காதபோது: பேட்டரி, ஸ்டார்ட்டர் எர்த் இணைப்புகளைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் கேட்கும், முகப்பு விளக்கு மங்கும், எஞ்சின் மட்டும் அசையாது. பழைய லாரியோடு பழகியவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். பழி முதலில் பேட்டரி மேல் விழும். புதுப் பேட்டரி போட்டபின் இரண்டு நாள் நன்றாக எடுத்துவிட்டு, மூன்றாம் நாள் மறுபடியும் அதே ‘டக்’ கேட்டால், அடுத்த பழி எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார், அதாவது ஸ்டார்ட்டர், மேல் விழும். நானும் அந்த வழியில் போனவன்தான். பேட்டரி, கார்பன் பிரஷ், சோலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்ச்) என்று ஒவ்வொன்றாக மாற்றி முடித்த பிறகே, எஞ்சினுக்கும் சேஸிக்கும் (லாரியின் அடிச்சட்டம்) நடுவில் எண்ணெயும் மண்ணும் அப்பிக் கிடந்த ஒரு சாண் நீளப் பின்னல் பட்டை என் கண்ணில் பட்டது. விரலால் வளைத்ததும் அதிலிருந்து பச்சைத் தூள் உதிர்ந்தது. கோளாறு முழுவதும் அந்தப் பட்டையில்தான் இருந்தது.

ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த சிவப்பு கேபிளை எல்லோரும் பார்க்கிறோம். அதே அளவு மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வர ஒரு வழி வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். அந்தத் திரும்பும் வழிதான் எர்த். இந்த வழிகாட்டி அந்த வழியை அளந்து பார்ப்பதையும், பழுதான இடத்தைப் பிடிப்பதையும், மறுபடி கெடாதபடி கட்டுவதையும் பற்றியது.

மின்சாரம் திரும்பும் பாதை

பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து ஒரு கேபிள் சேஸிக்குப் போகும். சில வண்டிகளில் அது நேராக எஞ்சின் பிளாக்குக்கோ கியர் பாக்ஸ் கூட்டுக்கோ போகும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சேஸிக்கும் இடையே தானாக மின் தொடர்பு ஏற்படாது. அதற்காகவே அந்தப் பின்னல் பட்டையைப் போடுகிறார்கள். கேபினும் ரப்பர் மேல்தான் நிற்கிறது என்பதால் அதற்கும் தனியாக ஒரு எர்த் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பெரும்பாலான வண்டிகளில் தனி எர்த் கம்பி இருக்காது. அது கிளட்ச் கூட்டின் மேல் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும் விளிம்பு வழியாகவே எர்த் ஆகிறது.

இந்தப் பாதையில் ஒரு இடம் கெட்டாலும் மின்சாரம் சும்மா நின்றுவிடாது, கிடைத்த வழியில் திரும்பப் பார்க்கும். ஆக்ஸிலேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் ஆகியவை எஞ்சினையும் உடலையும் இணைக்கும் உலோகங்கள் என்பதால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அவற்றின் வழியே பாயத் தொடங்கும். செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலேட்டர் கேபிளின் உறை சூடாகிப் புகை வந்தால் கேபிளில் குற்றம் தேடாதீர்கள். எஞ்சின் எர்த் அறுந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

ஒரு சிறு கணக்கு. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்; பெரிய டீசல் எஞ்சின்களில் இது இன்னும் அதிகம். வழியில் எங்கோ 0.01 ஓம் தடை இருந்தால் அங்கேயே 2 வோல்ட் காணாமல் போகும். 400 வாட் வெப்பம் அந்த ஒரே இணைப்பில் உண்டாகும். சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. ஆகவே மீட்டரை ஓம் அளவில் வைத்து, ‘பீப் அடிக்கிறது, எர்த் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதில் பொருளே இல்லை. நூறு இழைகளில் தொண்ணூற்றெட்டு அறுந்துபோன கேபிளும் பீப் அடிக்கும்.

தொடங்கும் முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். மோதிரம், கைச்சங்கிலி, உலோகக் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பிளஸ் முனைக்கும் சேஸிக்கும் நடுவில் அகப்பட்ட மோதிரம் ஒரு நொடியில் பழுத்துவிடும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் பக்கத்தில் தீப்பொறி கூடாது. கண்ணாடி அணிவதும் அவசியம், உள்ளே இருப்பது கந்தக அமிலம்.

வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பாருங்கள். 24 வோல்ட் என்றால் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். அவற்றை இணைக்கும் குட்டைக் கேபிளும் ஸ்டார்ட்டரின் மின்சாரம் முழுவதையும் சுமப்பதால் அதையும் சோதனையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மிகப் பழைய சில வண்டிகளில் பிளஸ் முனையே சேஸியோடு இணைந்திருக்கும். அப்படி இருந்தால் இங்கே சொல்லும் மைனஸ் எல்லாவற்றையும் பிளஸ் என்று மாற்றிப் படிக்கவும். முனையில் பூசியிருக்கும் நிறத்தை நம்பாமல், மீட்டரை வைத்தே இதை உறுதி செய்யுங்கள்.

முதல் படி: பேட்டரியின் நிலை

பலவீனமான பேட்டரியை வைத்துக்கொண்டு எர்த்தைச் சோதித்தால் எல்லா அளவும் பொய் சொல்லும். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு பேட்டரி முனைகளில் அளந்தால், முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான் இருக்கிறது. சார்ஜ் ஏற்றிவிட்டு வாருங்கள்.

பிறகு எஞ்சின் பிடிக்காதபடி செய்ய வேண்டும். டீசலில் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம், அல்லது எரிபொருளை நிறுத்தும் சோலினாய்டின் கம்பியைக் கழற்றலாம். பெட்ரோல் எஞ்சினில் இக்னிஷன் காயிலுக்குப் போகும் சிறு கம்பியைக் கழற்றினால் போதும். உதவிக்கு வந்தவரை ஐந்து நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லி, அந்த நேரத்தில் பேட்டரி முனைகளில் அளவைப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. இறங்காமல் நின்றும் எஞ்சின் மெதுவாகச் சுற்றினால், மின்சாரம் வழியில் எங்கோ விரயமாகிறது. இனி எர்த்தைத் தேடலாம்.

இரண்டாம் படி: சுமையில் அளப்பது

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான் என்பதால் பொறுமையாகச் செய்யுங்கள். மீட்டரை டிசி வோல்ட் அளவில் வையுங்கள். கருப்புக் கம்பியின் முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையில், அதாவது கேபிளைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பின் மேல் அல்லாமல் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஈயத் தண்டின் மேலேயே அழுத்துங்கள். சிவப்புக் கம்பியை ஸ்டார்ட்டரின் உடலில், பெயின்ட் சுரண்டிய ஒரு வெற்று உலோகப் புள்ளியில் வையுங்கள். இந்த நிலையில் மீட்டர் பூஜ்யம் காட்டும். இப்போது ஐந்து நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டரில் தோன்றும் எண்தான் எர்த் பாதை முழுவதும் விழுங்கும் வோல்ட்.

0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5 ஐத் தாண்டினால் கட்டாயம் கை வைக்க வேண்டும். இடையில் இருந்தால், பெரிய டீசல் எஞ்சினும் நீளமான கேபிளும் உள்ள வண்டியில் அது இயல்பாகவும் இருக்கலாம், தொடக்க நிலைக் கோளாறாகவும் இருக்கலாம். 24 வோல்ட் வண்டியிலும் நான் இதே அளவுகளைத்தான் வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு முறை அடித்த பிறகும் மோட்டார் ஆற ஓரிரு நிமிடம் விடுங்கள்.

மொத்தம் தெரிந்த பிறகு பாதையைத் துண்டு துண்டாக அளக்க வேண்டும். ஈயத் தண்டுக்கும் கிளாம்புக்கும் இடையே; கிளாம்புக்கும் கேபிளின் மறுமுனையில் உள்ள லக்குக்கும் (போல்ட்டில் மாட்டும் வளைய முனை) இடையே; லக்குக்கும் சேஸியின் வெற்று உலோகத்துக்கும் இடையே; சேஸிக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே; பிளாக்குக்கும் ஸ்டார்ட்டர் உடலுக்கும் இடையே. முதலில் சொன்ன என் லாரியில் மொத்தம் 1.4 வோல்ட் வந்தது. பிரித்துப் பார்த்தபோது வரிசையாக 0.05, 0.15, 0.1, 1.0, 0.1 என்று கிடைத்தன. சேஸிக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருந்த அந்தப் பட்டை மட்டும் 1 வோல்ட்டைத் தின்றிருக்கிறது. ஒரு மூட்டில் 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அதைக் கழற்றிப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் கையில் இல்லாத நேரத்தில் தடித்த ஜம்பர் கேபிள் ஒன்று உதவும். அதன் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் பிடிக்கச் செய்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். இதுவரை முனகிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று வேகமாகச் சுற்றினால் குற்றவாளி எர்த்தான். எந்த மூட்டு என்பதை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது.

மூன்றாம் படி: கழற்றுவதும் சுத்தம் செய்வதும்

சேஸி மைனஸாக உள்ள வண்டியில் எப்போதும் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறிச் சேஸியைத் தொட்டால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும். மைனஸ் ஏற்கெனவே கழன்றிருந்தால் அப்படித் தொட்டாலும் ஒன்றும் நடக்காது.

கிளாம்ப் வரவில்லை என்றால் சுத்தியலால் தட்டாதீர்கள், நெம்பவும் செய்யாதீர்கள். ஈயத் தண்டு உள்ளே தகடுகளோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அது ஆடினால் பேட்டரியே போய்விடும். போல்ட்டைத் தளர்த்தி, கிளாம்பின் வாயைச் சற்று விரித்து, இடவலமாகத் திருப்பி எடுங்கள். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பின் மேல் தண்ணீரில் கரைத்த சமையல் சோடாவை ஊற்றினால் நுரைத்து அடங்கும். கரைசல் பேட்டரியின் மூடித் துளைகள் வழியே உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீரால் கழுவித் துடைத்து, தண்டையும் கிளாம்பின் உட்புறத்தையும் ஒயர் பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை தேயுங்கள். ஈயம் மென்மையானது, அரத்தால் அராவினால் தண்டு இளைத்துக் கிளாம்ப் பிடிக்காமல் போகும். பிளஸ் தண்டு மைனஸைவிடச் சற்றுத் தடிமனாகவே செய்யப்பட்டிருக்கும்; அதற்கான கிளாம்பை மைனஸில் போட்டு, இறுகவில்லையே என்று தகடு செருகியிருப்பதைப் பல வண்டிகளில் காணலாம். அந்தத் தகட்டை எடுத்து எறிந்துவிட்டுச் சரியான கிளாம்பைப் போடுங்கள்.

கேபிளைக் கையில் எடுத்து இரண்டு முனைகளிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். லக்குக்குப் பக்கத்தில் உறை உப்பியிருந்தாலோ, வளைக்கும்போது நொறுநொறுவென்று ஒலித்தாலோ, உள்ளே களிம்பு ஏறியிருக்கிறது. உறையை ஓரங்குலம் வெட்டிப் பார்த்தால் செம்பு பச்சையாகவோ கருப்பாகவோ இருக்கும். களிம்பு இழைகளின் இடுக்கு வழியே நெடுந்தூரம் ஏறிவிடும் என்பதால், முனையை மட்டும் வெட்டிப் புது லக் போடுவது பெரும்பாலும் பலிக்காது. கேபிளையே மாற்றுவது நல்லது. பின்னல் பட்டைக்கு உறையே இல்லை. தண்ணீரும் உப்பும் ஒவ்வொரு இழைக்கும் போய்ச் சேரும். வயதான பட்டையைச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

நான்காம் படி: புதுக் கேபிள்

பழைய கேபிளின் உறைத் தடிமனைப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். தடித்த உறைக்குள் மெல்லிய செம்பு இருக்கலாம். குறுக்குப் பரப்பு சதுர மில்லிமீட்டரில் எவ்வளவு என்பதே கணக்கு. 300 ஆம்பியர் இழுக்கும் ஸ்டார்ட்டருக்கு ஒன்றரை மீட்டர் நீளத்தில் 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டால், கேபிள் மட்டுமே ஏறத்தாழ 0.3 வோல்ட்டை விழுங்கிவிடும். 50 போட்டால் அது 0.16 ஆகவும், 70 போட்டால் 0.11 ஆகவும் குறையும். 12 வோல்ட் டீசல் வண்டிக்கு 70 போடுவது என் பழக்கம். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள்களும் செம்புக் கேபிள் போலவே தோற்றமளிக்கும். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பைப்போல ஏறத்தாழ 60 விழுக்காடுதான். வெட்டிய இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

லக்கைக் கேபிளோடு சேர்க்கச் சுத்தியலோ, குறடோ போதாது. ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியில், அந்த அளவுக்கு உரிய அச்சை வைத்து அழுத்த வேண்டும். சிலர் ஈயம் உருக்கி ஊற்றுகிறார்கள். கெட்ட மூட்டு சூடாகும்போது அந்த ஈயம் இளகும். அதோடு, இழைகளுக்குள் ஏறிய ஈயம் கேபிளை அந்த இடத்தில் விறைக்க வைப்பதால், எஞ்சின் அதிரும்போது சரியாக அங்கேயே முறியும். அழுத்தி முடித்ததும் கேபிளையும் லக்கையும் பிடித்து முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயை மேலே இழுத்துச் சூடு காட்டினால் ஈரம் உள்ளே போகாது. இரண்டாவது லக்கை அழுத்துவதற்கு முன் அதற்கான குழாயைக் கேபிளில் கோத்துவிடுங்கள். அதை மறந்துவிட்டு நல்ல லக்கை வெட்டி எறிந்த நாட்கள் எனக்கு உண்டு.

ஐந்தாம் படி: எங்கே, எப்படி இறுக்குவது

முடிந்தால் மைனஸ் கேபிளை நேராக எஞ்சினுக்கே, ஸ்டார்ட்டரின் மவுண்டிங் போல்ட்டுக்கோ அதை ஒட்டிய தடித்த வார்ப்புப் பகுதிக்கோ கொண்டுபோங்கள். அப்போது செல்ஃப் அடிக்கும் மின்சாரம் சேஸி வழியே சுற்றத் தேவையில்லை. அப்படிச் செய்தாலும் சேஸிக்கும் எஞ்சினுக்கும் இடையிலான பட்டை கட்டாயம் வேண்டும். சேஸியில் எர்த் ஆகும் விளக்கு, மோட்டார் போன்றவற்றின் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப அதுவே வழி. பட்டையைத் தொய்வாக விடுங்கள், எஞ்சின் ரப்பர் மேல் ஆடும்போது விறைப்பான பட்டை சீக்கிரம் அறும். ஆயில் சம்ப் போல்ட், பிரேக் குழாய்க் கவ்வி, மெல்லிய தகடு ஆகியவற்றில் எர்த் கொடுக்கக் கூடாது. சேஸியில் புதிதாகத் துளை போட நேர்ந்தால், சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளைத் தொடவே வேண்டாம். பாரம் முழுவதையும் சுமப்பவை அவைதான். நடுப்பகுதியில் ஏற்கெனவே இருக்கும் துளையைப் பயன்படுத்துவது எப்போதும் மேல்.

லக் உட்காரும் இடத்தில், லக்கைவிடச் சற்றுப் பெரிய வட்டத்தில், பெயின்ட்டையும் துருவையும் வெள்ளி போல் உலோகம் தெரியும்வரை நீக்குங்கள். உப்புத்தாளோ, துளைப்பானில் மாட்டும் ஒயர் பிரஷ்ஷோ போதும். லக் நேராக அந்த உலோகத்தின் மேல் உட்கார வேண்டும். வாஷர், ஸ்பிரிங் வாஷர் எல்லாம் அதற்கு மேலேதான். லக்குக்குக் கீழே துருப்பிடித்த வாஷரை வைத்துவிட்டு இறுக இறுக்கியும் பயனில்லை. தகட்டில் திருகும் ஸ்குரூ வேண்டாம், போல்ட்டும் நட்டும் போடுங்கள். இரும்பில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு சரியாக இருக்கும். பேட்டரி கிளாம்ப் போல்ட்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம்; கையால் திருப்பினால் அசையாத அளவு இறுகினால் போதும்.

வாசலினோ, கிரீஸோ மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே உலோகத்தை உலோகத்தோடு இறுக்கிய பிறகு வெளிப்புறம் முழுவதும் மெல்லியதாகப் பூசுங்கள். சேஸியில் சுரண்டிய இடத்தின் மேல் பெயின்ட்டும் அடித்துவிடுங்கள்.

ஸ்டார்ட்டரைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஓவர்ஹால் செய்து வந்த மோட்டார் பளபளவென்று பெயின்ட் பூசி வரும். விளிம்பிலும் போல்ட் துளைகளைச் சுற்றியும் அந்தப் பெயின்ட் இருக்கும். கிளட்ச் கூட்டுக்கும் பெயின்ட் அடித்திருந்தால் புது மோட்டார் பழையதைவிட மோசமாக எடுக்கும். மாட்டும் முன் இரண்டு முகங்களையும் சுரண்டிவிடுங்கள். பிளாக்குக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே அளந்தபோது 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கேபினுக்கான எர்த்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் தாராளம். அது கெட்டிருந்தால் டேஷ்போர்டின் முட்கள் விளக்கு போடும்போதெல்லாம் ஆடும்.

ஆறாம் படி: மறுபடி அளப்பது

பிளஸை மாட்டிய பின் மைனஸை மாட்டி, இரண்டாம் படியில் செய்த அளவுகளை அதே புள்ளிகளில் மறுபடி எடுங்கள். என் லாரியில் 1.4 ஆக இருந்தது 0.18 ஆக இறங்கியது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, முகப்பு விளக்குகளைப் போட்டு, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்து பாருங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அதன் பிராக்கெட்டிலும் இதே துரு, பெயின்ட் கதைதான். பேட்டரி முனைகளில் சார்ஜ் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும், 24 வோல்ட் வண்டியில் அதன் இரு மடங்கு. ஓடும் எஞ்சினில் பேட்டரி கேபிளைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வழக்கம் டயோடுகளை எரித்துவிடும்.

எர்த் சரியாகியும் எஞ்சின் மெதுவாகவே சுற்றினால், பேட்டரியின் பிளஸ் தண்டுக்கும், சோலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் பெரிய முனைக்கும் இடையே அதே முறையில் அளக்கவும். அங்கே சோலினாய்டின் தொடுமுனைகளும் உண்டு என்பதால் 0.5 வோல்ட் வரை விடலாம். அதுவும் நன்றாக இருந்தால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும்.

வண்டி ஒரு வாரம் சுமையோடு ஓடிய பிறகு, மைனஸைக் கழற்றிவிட்டு, புதிதாகப் போட்ட ஒவ்வொரு போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது லக்கின் செம்பு அழுந்தி உட்காரும்போது போல்ட் கால் சுற்று தளர்வது வழக்கம்.